பிழையான தடம்: ஒரு சுவீடன் துப்பறியும் நாவலும் அதன் காலமும்

ஈஸ்டர் வந்தால் நோர்வேக்காரர் மூன்று காரியம் செய்வார்கள். மலையிலுள்ள மரவீட்டுக்குப் போவார்கள். வெயிலில் குந்தியிருந்து தோடம்பழம் உரிப்பார்கள். பிறகு கொலைக்கதை வாசிப்பார்கள். "தம்பி, பெரிய வெள்ளி வருகிற வாரத்தில் இதுகளுக்கு ஏன் இந்தக் கொலைக்கதை?" என்று நமது மூத்த நேயர் ஒருவர் தொலைபேசியில் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். 1923ஆம் ஆண்டு நோர்டால் கிரிக், நில்ஸ் லீ என்ற இரண்டு இளைஞர்கள் புனைபெயரில் ஒரு ரயில் கொள்ளைக் கதை எழுதினார்கள். பதிப்பகத்தார் அதன் விளம்பரத்தை ஈஸ்டருக்கு முன்பாகப் பத்திரிகையின் முதற் பக்கத்தில், செய்தித் தலைப்புப் போலவே போட்டுவிட்டார்கள். பேர்கன் ரயில் உண்மையாகவே கொள்ளை போய்விட்டது என்று சனம் பதறியது. புத்தகம் நன்றாக விற்றது. அன்று தொடங்கிய பழக்கம் இன்று பால் பெட்டியிலும் துப்பறியும் கதை அச்சடிக்கும் அளவுக்கு வந்திருக்கிறது.

எனவே ஈஸ்டர் வாரத்து உரையை என்னிடம் தந்தபோது, கொலைக்கதையை வைத்தே வரலாறு பேசுகிறேன் என்று சொன்னேன். நிகழ்ச்சிப் பொறுப்பான அக்கா சிரித்தா. "கணக்குப் பார்க்கிற ஆளுக்கு ஏன் கொலை?" என்றா. கணக்குப் பார்க்கிற ஆட்களுக்குத்தான் இந்தச் சுவீடன் நாவல்கள் நன்றாக விளங்கும் என்பது என் எண்ணம். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன். அந்த உரையின் எழுத்து வடிவம்தான் இது. வானொலியில் நேரம் போதாமல் விட்ட சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

நாவலின் பெயர் 'வில்லோஸ்போர்'. பிழையான தடம் என்று கருத்து. எழுதியவர் ஹென்னிங் மங்கெல். 1995இல் வெளிவந்தது. அந்த ஆண்டின் சிறந்த துப்பறியும் நாவல் என்று சுவீடனில் பரிசு பெற்றது. ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2001இல் பிரித்தானியக் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் தங்கக் கத்தி விருது கிடைத்தது. 2008இல் பிபிசி, வல்லாண்டர் தொடரை இந்தக் கதையுடன்தான் ஆரம்பித்தது. கென்னத் பிரானா நடித்தார். பலர் அதைப் பார்த்திருப்பீர்கள்.

கதை நடப்பது 1994ஆம் ஆண்டுக் கோடையில். இடம் சுவீடனின் தென்கோடியான ஸ்கோனே மாகாணத்தில், ஈஸ்ராட் என்ற கடற்கரைப் பட்டினம். அமெரிக்காவில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடக்கிறது. பொலிஸ் நிலையத்தில் எல்லோரும் காசு கட்டிப் பந்தயம் பிடிக்கிறார்கள். (அந்தக் கிண்ணத்தில் சுவீடன் மூன்றாம் இடம் வந்தது. நமது நோர்வேயின் குழுவில் நான்கு அணிகளும் தலா நான்கு புள்ளி எடுத்து, கோல் கணக்கில் நோர்வே கடைசியாகி வீட்டுக்கு வந்தது. இதை இங்கே யாரிடமும் ஞாபகப்படுத்தவேண்டாம்.) அரைவாசிப் பொலிஸார் விடுமுறையில் போக ஆயத்தம்.

அப்போது ஒரு கிழவர் தொலைபேசியில் கூப்பிடுகிறார். அவர் ஒரு விவசாயி. தனது ராப்ஸ் வயலுக்குள் ஒரு பெட்டை நிற்கிறாள், நெடுநேரமாக நிற்கிறாள், வந்து பாருங்கள் என்கிறார். ராப்ஸ் என்பது கடுகு இனத்துப் பயிர். கோடையில் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பொலிஸ் அதிகாரி வல்லாண்டர் போகிறார். கறுத்த முடியுள்ள பதின்வயதுச் சிறுமி. அவரைக் கண்டதும் பயந்து விலகுகிறாள். அவர் கிட்டப் போகப் போக அவள் தள்ளிப் போகிறாள். பிறகு கையிலிருந்த கலனைத் தூக்கித் தன்மேல் பெற்றோலை ஊற்றித் தீ வைத்துக்கொள்கிறாள். அவர் ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அவள் யார்? ஒருவருக்கும் தெரியாது. கழுத்தில் கிடந்த பதக்கத்தில் மூன்று எழுத்துக்கள் மட்டும் இருக்கின்றன. அப்படி ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று சுவீடனில் எவரும் முறையிடவில்லை.

மறுநாள் இன்னொரு தொலைபேசி. ஓய்வுபெற்ற முன்னாள் நீதி அமைச்சர் ஒருவர் தன் கடற்கரை வீட்டருகே கோடாலியால் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். தலைத்தோல் உரிக்கப்பட்டிருக்கிறது. சில நாட்களில் பணக்கார ஓவிய வியாபாரி ஒருவர் அதேபோல. பிறகு திருட்டுப் பொருள் விற்கிற ஒரு சண்டியன். பிறகு பணமோசடியில் பெயர்போன ஒருவர். ஒரே கை, ஒரே முறை. நாடு முழுவதும் பத்திரிகைக்காரர் வந்து குவிகிறார்கள். பொலிஸின் ஆள்பலம் எல்லாம் கோடாலிக்காரனைத் தேடப் போகிறது. வயலில் எரிந்த பிள்ளையின் கோப்பு மேசையின் ஓரத்துக்கு நகர்கிறது.

கணக்காய்வில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நிறுவனம் எதை முக்கியமாகக் கருதுகிறது என்று அறிய, அதன் தலைவருடைய பேச்சைக் கேட்கமாட்டோம். நேரமும் பணமும் எங்கே செலவாகியிருக்கின்றன என்று பார்ப்போம். மங்கெல் இந்த நாவலில் செய்திருப்பது அதுதான். ஒரு பக்கத்தில் பெயருள்ள, பதவியுள்ள, பிணங்களான பெரிய மனிதர்கள். மறுபக்கத்தில் பெயரில்லாத ஒரு வெளிநாட்டுப் பெட்டை. பொலிஸ் நிலையத்தின் மணித்தியாலங்கள் எந்தப் பக்கத்தில் எழுதப்படுகின்றன? வல்லாண்டர் மட்டும் விடமாட்டேன் என்கிறார். தொலைநகல் அனுப்புகிறார், சர்வதேசப் பொலிஸைக் கேட்கிறார். நமக்கு, வாசகருக்கு, முதல் அத்தியாயத்திலேயே தெரியும்: அவள் டொமினிக்கன் குடியரசில் ஓர் ஏழைத் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை. பெயர் டொலோரஸ் மரியா. பொலிஸுக்குத்தான் தெரியாது. கொலையாளி யார் என்று நான் சொல்லப்போவதில்லை. வாசிக்கப்போகிறவர்களின் பாவத்தை நான் ஏன் கட்டிக்கொள்ளவேண்டும்! ஆனால் இரண்டு கோப்பும் ஒரே கோப்புத்தான் என்பதை மட்டும் சொல்லலாம். அந்தப் பெரிய மனிதர்களுக்கு இளம் பெண்பிள்ளைகள் எப்படிக் கொண்டுவரப்பட்டார்கள் என்பதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது.

இது வெறும் கற்பனையா? சுவீடிஷ் வாசகர் அப்படி நினைத்திருக்கமாட்டார்கள். 1977 நவம்பரில் 'டாகென்ஸ் நீஹேத்தர்' பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. 1969 முதல் 1976 வரை நீதி அமைச்சராக இருந்த லெனார்ட் கெய்யருக்கு விபசார வட்டத்துடன் தொடர்பு இருப்பதாகச் சந்தேகித்து, தேசியப் பொலிஸ் தலைவர் பிரதமர் ஓலோப் பால்மேக்கு இரகசியக் குறிப்பு ஒன்று கொடுத்திருந்தார் என்பதே செய்தி. பால்மே கடுமையாக மறுத்தார். பத்திரிகை மன்னிப்புக் கேட்டு நட்டஈடும் கொடுத்தது. அப்படியொரு குறிப்பு இருந்தது என்பது பிற்காலத்தில் உறுதியானது. அமைச்சர்மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் அந்த வலையில் அகப்பட்டபோது தங்களுக்குப் பதினான்கு வயது என்று சொன்ன இரண்டு பெண்கள், முப்பது வருடங்கள் கழித்து அரசிடம் நட்டஈடு கேட்டார்கள். மறுக்கப்பட்டது. மங்கெலின் நாவலில் கொல்லப்படும் நீதி அமைச்சரைப் பற்றி ஒரு பழைய பத்திரிகையாளர் வல்லாண்டரிடம் கதைக்கும் இடத்தை வாசித்த சுவீடன்காரர் எவருக்கும் இந்தப் பழைய சங்கதி ஞாபகத்துக்கு வந்திருக்கும். உடலுறவை விலைகொடுத்து வாங்குபவரைத் தண்டிக்கும் சட்டம் சுவீடனில் 1999 ஜனவரி முதலாம் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. அதாவது நாவலுக்கு நான்கு வருடம் பின்னால்.

கொலைக்கதைக்குள் நாட்டு நடப்பை வைத்துச் சொல்லும் இந்த முறையை மங்கெல் கண்டுபிடிக்கவில்லை. அது அவருக்கு முதுசமாக வந்தது. மாய் ஷோவால், பேர் வாலோ என்ற தம்பதி, இருவரும் பத்திரிகையாளர்கள், இருவரும் இடதுசாரிகள், 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள் எழுதினார்கள். பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு இரவில் ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதுவார்களாம். ஒவ்வொரு நாவலுக்கும் முப்பது அத்தியாயங்கள். பத்துக்கும் சேர்த்து 'ஒரு குற்றத்தின் கதை' என்று பொதுப்பெயர். அந்தக் குற்றம் எது? நலன்புரி அரசு தன் ஏழைச் சனத்தைக் கைவிட்டதுதான் குற்றம் என்பது அவர்கள் கட்சி. வாலோ 1975இல், பத்தாவது நாவல் வந்த ஆண்டிலேயே இறந்துபோனார். ஷோவால் அம்மையார் 2020இல் காலமானார்.

அவர்களுடைய மூன்றாவது நாவல் 'பல்கனியில் நின்ற மனிதன்', 1967. ஸ்ரொக்கோம் பூங்காக்களில் சிறுமிகள் கொல்லப்படுகிறார்கள். 1963இல் அந்த நகரத்தில் உண்மையாகவே நடந்த சிறுமியர் கொலைகளை ஆதாரமாகக் கொண்டது. அதில் ஒரு சிறிய சம்பவம் எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். எதிர்வீட்டுப் பல்கனியில் ஒரு ஆள் எந்நேரமும் நின்று தெருவைப் பார்க்கிறான் என்று ஒரு கிழவி பொலிஸுக்குத் தொலைபேசி எடுக்கிறாள். அதிகாரிக்குச் சினம். பல்கனியில் நிற்பது சட்டவிரோதமா என்ற தோரணையில் அலட்சியமாகப் பேசி வைத்துவிடுகிறார். கையில் வந்த துப்பு போய்விடுகிறது. பிள்ளைகள் சாகிறார்கள். துப்பறியும் அதிகாரி மார்ட்டின் பெக் அந்த அரைகுறையாகக் கேட்ட தொலைபேசிப் பேச்சை ஞாபகப்படுத்தப் படும் பாடுதான் கதையின் பெரும்பகுதி. சரியான தகவலைச் சொல்பவர் கிழவியாகவோ, பிள்ளையாகவோ, மொழி தெரியாதவராகவோ இருந்தால் அதிகாரியின் காது எப்படி அடைத்துக்கொள்கிறது! அலுவலகக் கவுண்டர்களில் நின்று பழகிய நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பத்தாவது நாவலில், 1975இல், சுவீடன் பிரதமர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அப்போது அது நம்பமுடியாத கற்பனை. 1986 பெப்ரவரி 28ஆம் திகதி இரவு பிரதமர் பால்மே மனைவியுடன் படம் பார்த்துவிட்டு, காவல் எதுவும் இல்லாமல் நடந்து போகையில் ஸ்ரொக்கோம் தெருவில் சுடப்பட்டு இறந்தார். அதன் பிறகு நடந்ததை நமது ஆட்கள் கவனிக்கவேண்டும். விசாரணைக்குத் தலைமை தாங்கிய பொலிஸ் அதிகாரி ஹன்ஸ் ஹோல்மேர், குர்தீஷ் அகதிகள்தான் செய்தார்கள் என்ற முடிவை முதலிலேயே எடுத்துக்கொண்டார். 1987 ஜனவரியில் ஒரே நாளில் சுமார் இருபது குர்தீஷ்காரர் பிடிக்கப்பட்டார்கள். ஆதாரம் எதுவும் இல்லை. விடுவிக்கப்பட்டார்கள். ஹோல்மேர் பதவி விலகினார். பிறகு அவரே துப்பறியும் நாவல்கள் எழுத ஆரம்பித்தார் என்றால் நம்புவீர்களா? உண்மை. பால்மே வழக்கு 2020 யூன் மாதம் வழக்கு விசாரணை எதுவுமின்றி மூடப்பட்டது. பிழையான தடம் என்பது நாவலுக்கு மட்டும் பொருந்துகிற பெயரல்ல.

மங்கெலின் கதைக்கு வருவோம். அவர் 1948இல் பிறந்தவர். வருடத்தில் பாதியை மொசாம்பிக்கில் நாடகம் போடுவதில் கழித்தவர். தலைநகர் மப்பூட்டோவில் அவெனிடா நாடகக் குழுவை 1986 முதல் நடத்தினார். ஆபிரிக்காவில் நெடுநாள் இருந்துவிட்டு 1980களின் கடைசியில் ஊர் திரும்பியபோது, தான் விட்டுப்போன நாடு இது இல்லை என்று அவருக்குப் பட்டது. நிறவெறி வெளிப்படையாகத் தெருவுக்கு வந்திருந்தது. நிறவெறி ஒரு குற்றம், ஆகவே அதைப் பற்றிக் குற்றக்கதைதான் எழுதவேண்டும் என்று தீர்மானித்ததாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வல்லாண்டர் என்ற பெயரைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எடுத்தாராம்.

அவர் கண்டது என்ன? ஈஸ்ராட்டிலிருந்து காரில் அரை மணித்தியால ஓட்டத்தில் ஷோபோ என்று ஒரு நகரசபை. 1988 செப்டெம்பரில் அங்கே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கேள்வி: எங்கள் ஊருக்கு அகதிகளை எடுப்பதா, வேண்டாமா? ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குச் சனம் வேண்டாம் என்று வாக்களித்தது. இலங்கையில் இருந்து, ஈரானில் இருந்து, சிலியில் இருந்து வந்தவர்கள் பையைக் கட்டிக்கொண்டு முகாமில் இருக்கிறபோது, பக்கத்து ஊரில் நம்மைப் பற்றிப் பெட்டியில் வாக்குப் போடுகிறார்கள். 1989 டிசெம்பர் 13, சுவீடன்காரர் மெழுகுதிரி ஏந்தும் லூசியா நாளன்று, அரசாங்கம் தஞ்ச விதிகளை இறுக்கியது. ஜெனீவா உடன்படிக்கைக்குக் கண்டிப்பாக உட்பட்டவர்களுக்கும் விசேட பாதுகாப்புத் தேவைப்பட்டவர்களுக்கும் மட்டும்தான் இனி இடம் என்ற அந்த முடிவை லூசியா முடிவு என்றே இன்றும் சொல்கிறார்கள். அகதி விடுதிகளுக்குத் தீ வைப்பதும் பெருகியது. 1991 தேர்தலில் குடியேற்ற எதிர்ப்புப் பேசிய 'புதிய ஜனநாயகம்' என்ற கட்சி 6.7 வீதம் எடுத்துப் பாராளுமன்றத்துக்குள் வந்தது.

வல்லாண்டரின் முதலாவது நாவலான 'முகமற்ற கொலைஞர்கள்' வந்ததும் அதே 1991இல். தனி வீட்டில் இருந்த ஒரு வயோதிப விவசாயத் தம்பதி கொல்லப்படுகிறார்கள். மனைவி சாகுமுன் சொன்ன ஒரே சொல் 'வெளிநாட்டு' என்பது. அந்தச் சொல் பொலிஸ் நிலையத்திலிருந்து பத்திரிகைக்குக் கசிகிறது. உடனே அகதி முகாமுக்குத் தீ. வீதியால் நடந்துபோன ஒரு சோமாலியரைச் சுட்டுக் கொல்கிறார்கள். யார் கொலைகாரர் என்று இதிலும் சொல்லமாட்டேன். ஆனால் மங்கெல் நம்மைச் சந்தோசப்படுத்துவதற்காக இனிப்பான முடிவு எதையும் எழுதவில்லை. நல்ல மனிதரான வல்லாண்டருக்கே தன் மகள் ஒரு கென்ய மாணவரோடு திரிவது உள்ளுக்குள் குத்துகிறது. அதையும் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

இந்தப் புத்தகம் வந்த அதே வருடம், 1991 ஒகஸ்ட் 3ஆம் திகதி, ஸ்ரொக்கோமில் எரித்திரியாவிலிருந்து வந்த ஒருவர் தெருவில் சுடப்பட்டார். அதிலிருந்து 1992 ஜனவரி இறுதிவரை ஸ்ரொக்கோமிலும் உப்சாலாவிலும் பதினொரு பேர். எல்லோரும் கறுத்த முடிக்காரர் அல்லது கறுத்த தோல்காரர். நவம்பர் 8ஆம் திகதி சுடப்பட்ட ஈரானிய மாணவர் இறந்துபோனார். மற்றவர்கள் உயிர் தப்பினாலும் சிலர் வாழ்நாள் முழுவதும் ஊனத்தோடு இருந்தார்கள். முதற் சூடுகளில் துவக்கில் லேசர் குறிபார்க்கும் கருவி பூட்டியிருந்தான். சுடுவதற்கு முன் உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். பத்திரிகைகள் 'லேசர் மனிதன்' என்று பெயர் வைத்தன.

என் மச்சான் ஒருவர் அந்த மாரி முழுவதும் ஸ்ரொக்கோமின் புறநகர் ஒன்றில் இருந்தார். இரவில் அலுவலகம் துப்புரவாக்கும் வேலை. திரைச்சீலையை இழுத்து மூடாமல் வீட்டில் லைட் போடமாட்டோம் என்று சொல்லுவார். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, சுரங்க ரயிலிலிருந்து வீடுவரை ஓட்டமும் நடையுமாக வருவாராம். "ஊரில ஹெலி சுத்தேக்க மரத்துக்குக் கீழ நிண்டம். இஞ்ச எந்த மரத்துக்குக் கீழ நிக்கிறது?" என்று ஒருநாள் தொலைபேசியில் கேட்டார். ஒஸ்லோவில் இருந்து நான் என்ன பதில் சொல்லுறது?

1992 பெப்ரவரியில் ஸ்ரொக்கோமின் ரிங்கேபி பகுதியில், வெளிநாட்டவர் பெருந்தொகையாக வாழும் இடத்தில், ஒரு கூட்டம் நடந்தது. பிரதமர் கார்ல் பில்ட் வந்தார். குடிவரவுப் பொறுப்பு அமைச்சர் பிர்கித் பிரிகெபோவும் வந்தார். சனம் பயத்தோடும் கோபத்தோடும் கேள்வி கேட்கிறது. எங்கள் பிள்ளைகளை எப்படிப் பள்ளிக்கூடம் அனுப்புவது என்று கேட்கிறது. அமைச்சருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லோரும் சேர்ந்து 'வீ ஷல் ஓவர்கம்' பாடுவோமா என்று கேட்டார்! மண்டபம் கொதித்தது. சுவீடனில் அந்தக் காட்சியை இன்றும் மறக்கவில்லை. அந்த அம்மையார் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பாதுகாப்புக் கேட்டு வந்தவர்களுக்குப் பாட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்த மனதைத்தான் நான் யோசித்துப் பார்க்கிறேன்.

பாட்டுக்குப் பதிலாகச் சனம் வேறொன்று செய்தது. குர்தோ பக்சி என்ற குர்தீஷ் பத்திரிகையாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் அழைப்பு விடுத்தார்கள்: வெளிநாட்டவர் இல்லாவிட்டால் சுவீடன் நின்றுவிடும். 1992 பெப்ரவரி 21ஆம் திகதி வெளிநாட்டவர் வேலையை நிறுத்தினார்கள். என் மச்சானும் வாளியையும் துடைப்பத்தையும் வைத்துவிட்டு, ஒரு சிலிக்காரரோடும் இரண்டு துருக்கிக்காரரோடும் அலுவலகச் சமையலறையில் குந்தியிருந்தாராம். நால்வருக்கும் பொதுமொழி அரைகுறைச் சுவீடிஷ்.

1992 யூன் மாதம் ஒரு வங்கிக் கொள்ளையின்போது ஆள் பிடிபட்டான். யோன் அவுசோனியஸ். இங்கேதான் நாவலாசிரியர் எவரும் எழுதத் துணியாத திருப்பம். சுவிஸ் தகப்பனுக்கும் ஜேர்மன் தாய்க்கும் 1953இல் சுவீடனில் பிறந்த, அவனே வெளிநாட்டவர் வீட்டுப் பிள்ளை. பிறப்பில் வேறு பெயர். சொந்த முடி கறுப்பு. அதைப் பொன்னிறமாக்கி, நீலக் கண்வில்லை போட்டுத் திரிந்தவன். எண்பதுகளில் பங்குச் சந்தையில் நிறையச் சம்பாதித்து, சூதாட்டத்தில் விட்டு, வங்கி வங்கியாகக் கொள்ளையடித்தவன். 1994இல் ஆயுள் தண்டனை. பத்திரிகையாளர் கெலர்ட் தாமாஷ் 2002இல் இவனைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்துக்கு 'சுவீடன் பற்றிய ஒரு கதை' என்று உபதலைப்பு வைத்தார். ஒரு கொலைகாரனின் வரலாற்றுக்கு அப்படித் தலைப்பு வைப்பதென்றால் நாட்டுக்கு நாடே பதில் சொல்லவேண்டும் என்றுதானே கருத்து? இங்கே நோர்வேயில் 2011 யூலை 22இல் எழுபத்தேழு பேரை இழந்த பிறகு அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். சில பக்கங்களை ஒரே இருப்பில் வாசிக்க முடியவில்லை.

இப்போது 'வில்லோஸ்போர்' நடக்கும் 1994ஐத் திரும்பப் பாருங்கள். லேசர் மனிதனுக்குத் தீர்ப்புச் சொன்ன அதே வருடம். அதற்கு முந்தி 1992 செப்டெம்பரில் சுவீடன் மத்திய வங்கி நாணயத்தைக் காப்பாற்ற வட்டியை 500 வீதத்துக்கு உயர்த்திப் பார்த்தது. எனது தொழிற்காரர் இன்றும் கதைக்கிற சம்பவம் அது. வங்கிகள் ஆட்டம் கண்டன, அரசுச் செலவு வெட்டப்பட்டது. நாவலில் பொலிஸார் ஆட்குறைப்பைப் பற்றிப் புறுபுறுப்பதும், கொல்லப்படுகிறவர்களில் பணமோசடிக்காரர் ஒருவர் இருப்பதும் இந்தக் காலத்தின் தடயங்கள். கொலையாளி மட்டுமல்ல, கொல்லப்பட்டவர்களும் விசாரிக்கப்படவேண்டியவர்கள் என்று வல்லாண்டருக்கு மெல்ல மெல்ல விளங்குகிறது. தொடர்கொலைக் கதை எழுதுகிற மற்ற எழுத்தாளர்கள் கொலைகாரனின் மூளைக்குள் போவதோடு சரி. மங்கெல் பிணங்களின் பழைய கணக்குப் புத்தகங்களைத் திறந்து பார்க்கிறார். வல்லாண்டர் தொடருக்கு 'சுவீடனின் மனக்கலக்கம் பற்றிய நாவல்கள்' என்று பொதுப்பெயர் வைத்திருக்கலாம் என்று அவர் பிற்பாடு எழுதியது பொருத்தமே. 2015 ஒக்ரோபரில் அவர் புற்றுநோயால் இறந்தார்.

ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. டொலோரஸ் மரியா வயலில் ஒரு வார்த்தை பேசவில்லை. 'முகமற்ற கொலைஞர்க'ளில் சுடப்படும் சோமாலியரும் பேசவில்லை. இந்த நாவல்களில் அகதி என்பவர் பெரும்பாலும் பிணமாகவோ, பயந்த முகமாகவோ வருகிறார். நல்ல மனமுள்ள சுவீடன்காரர் ஒருவர் நமக்காக வருந்துகிறார், நித்திரை கொள்ளாமல் திரிகிறார், நமது பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். அது பெரிய விசயம்தான். நாவலின் முடிவில் அந்தப் பிள்ளையின் பெயர் கோப்பில் ஏறும்போது என் கண் கலங்கியது. ஆனால் ரிங்கேபி மண்டபத்தில் எழுந்து நின்று பிரதமரைக் கேள்வி கேட்ட சனம், துடைப்பத்தை வைத்துவிட்டு இருந்த சனம், இந்தப் புத்தகங்களுக்குள் எங்கே? அந்த வேலைநிறுத்தத்தை ஒழுங்குசெய்த பக்சிக்குப் பின்னாளில் நெருங்கிய தோழராயிருந்த ஸ்ரீக் லார்சன் இன்னொரு தொடர்கொலை நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றார். அதிலும் சுவீடிஷ் பணக்காரக் குடும்பம்தான் நடுவில். இந்த இடத்தை நமது பிள்ளைகளில் ஒருவர் நோர்வே மொழியிலோ சுவீடிஷிலோ எழுதி நிரப்பவேண்டும். கணக்காளன் நான் எழுத ஏலாது.

லேசர் மனிதன் பிடிபட்டதோடு அந்தக் கதை முடியவும் இல்லை. 2003 முதல் 2010 வரை வல்லாண்டரின் ஸ்கோனேயில், மல்மோ நகரத்தில், இன்னொருவன் வெளிநாட்டவரைக் குறிவைத்துச் சுட்டான். ஒரே ஆள்தான் எல்லாம் செய்கிறான் என்று பொலிஸ் பகிரங்கமாகச் சொல்ல நெடுநாள் எடுத்தது. 2012இல் இரண்டு கொலைகளுக்கும் பல கொலை முயற்சிகளுக்கும் அவன் குற்றவாளியாகக் காணப்பட்டான்.

அவுசோனியஸ் மீது இன்னுமொரு கோப்பு ஜேர்மனியில் கிடந்தது. ஸ்ரொக்கோமில் வெளிநாட்டவர் வேலையை நிறுத்தி இரண்டு நாள் கழித்து, 1992 பெப்ரவரி 23ஆம் திகதி, பிராங்பேர்ட்டில் ஒரு ஹோட்டலில் மேலங்கிகள் வாங்கி வைக்கும் வேலை செய்த 68 வயதுப் பெண்மணி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். தன் இலத்திரனியல் குறிப்பேட்டை அவர் எடுத்துவிட்டார் என்று அவன் முன்பு அவரோடு சண்டை பிடித்திருந்தான். அவர் யூதப் பெண். நாஜிகளின் வதைமுகாம்களில் இருந்து உயிர் தப்பியவர். கோப்பு தூங்கியது. பிறகு யாரோ திரும்பத் திறந்தார்கள். 2018 பெப்ரவரியில் பிராங்பேர்ட் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இருபத்தாறு வருடங்கள்.

'வில்லோஸ்போர்' ஒஸ்லோ நூலகங்களில் நோர்வே மொழியில் இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்திய வாரம் போனால் கிடைக்காது, இப்போதே போய்ப் பதிவு செய்யுங்கள். பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை வாசியுங்கள். கொலைகள் கொஞ்சம் கடுமை.